கம்பம் எண் நாற்பத்தேழு

வாகன வரி இரண்டாம் முறை உயர்ந்த வருடம், வரி கட்டிய மறுநாள் காலை, பள்ளிக்கூட வேன் ஓட்டும் வரியம்மாவின் வண்டிக் கூரையில் ஒரு தெருவிளக்குக் கம்பம் முளைத்திருந்தது. முளைத்தபோது அது முழ உயரம்தான். வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டு அடிக்கு வளர்ந்து, உச்சியில் கழுத்தை வளைத்து, ஒரு விளக்கையும் மாட்டிக்கொண்டு நின்றது. கம்பத்தின் இடுப்பில், நகராட்சிக்காரர்கள் வழக்கமாக அடிக்கும் மஞ்சள் பெயின்டில், 'வார்டு 11, கம்பம் எண் 47' என்று எழுதியிருந்தது. ஒயர் எதுவும் கிடையாது. மாலை ஆறரைக்கு அது தானாக எரிந்தது, காலை ஆறு மணிக்குத் தானாக அணைந்தது. அந்த ஊரின் மற்ற தெருவிளக்குகளுக்கு அப்படியொரு நல்ல பழக்கம் இல்லாததால், முதல் வாரம் ஜனங்கள் பார்க்க வந்தது வண்டியில் கம்பம் முளைத்த அதிசயத்தை அல்ல, ஒரு விளக்கு சொன்ன நேரத்துக்கு எரிவதைத்தான்.

வரியம்மா என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயரில்லை. இரண்டு வருடம் முன்னால் பள்ளிக்கூடக் கூடத்தில் நகராட்சித் தலைவர் ஒரு கூட்டம் போட்டார். கஜானாவில் எலி ஓடுகிறது, விளக்குக்கும் தண்ணீருக்கும் ரோட்டுக்கும் காசில்லை, ரோட்டைத் தேய்ப்பது வண்டிகள்தான், ஆகவே வண்டி வரியை உயர்த்தினால் உயர்த்திய பங்கு நேராக நகராட்சிக்கு வந்துவிடும் என்று அரை மணி நேரம் விளக்கினார். வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து கத்தினார்கள். லாரிக்காரர் நாற்காலியையே தூக்கிவிட்டார். அந்தக் கூச்சலில் பின் வரிசையிலிருந்து அவள் மட்டும் எழுந்து, "குடுத்துடலாங்க. விளக்கு வரும்னா குடுத்துடலாம். எங்க வீட்டுக்காரர் விழுந்த மாதிரி இன்னொருத்தர் விழ வேணாம்" என்றாள். தலைவரே கை தட்டினார். வெளியே வரும்போது லாரிக்காரர் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தார். சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது.

அவள் சொன்னதில் பொய்யில்லை. அவளுடைய வீட்டுக்காரர் வெல்டர். நாலு மாடி உயரத்தில் ஒற்றைக் காலில் நின்று இரும்பைப் பற்றவைத்தவர், ஒருநாள் ஏழு மணி வாக்கில் வேலை முடிந்து வரும்போது, சொந்த வீட்டுக்குப் பன்னிரண்டு அடி முன்னால், மூடி இல்லாத சாக்கடையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். தெருவில் விளக்கு இல்லை, அவ்வளவுதான் காரணம். அதற்குப் பிறகு நீண்ட நேரம் நிற்க முடியாது. வேனின் முதல் சீட்டில் கைத்தடியோடு உட்கார்ந்து பதினாலு பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்து மூடுவதே அவருடைய வேலையாயிற்று. நகராட்சியில் போய்க் கேட்டதற்கு, நிதி இல்லை என்றார்கள். நிதி இல்லை என்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள் என்று அவள் நம்பினாள். இதைத்தான் மறக்கக் கூடாது. அவள் நம்பினாள்.

வரி கட்டும் அலுவலகத்தில் ஒரே படிவத்தை மூன்று தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதில் ஏழாவது கட்டத்துக்கு 'செலுத்தும் காரணம்' என்று தலைப்பு. ஊரில் ஒரு ஜீவனும் அதை நிரப்பியதில்லை. எல்லோரும் ஒரு கோட்டை இழுத்துவிட்டுப் போவார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த கிளார்க்கும் அதையேதான் சொன்னார்.

"கோடு போட்டுக் குடுங்கம்மா. அதையெல்லாம் யாரும் எழுதறதில்ல."

"கேட்டிருக்காங்களே சார். காரணம் இருக்குல்ல."

அவள் முத்து முத்தாக, 'எங்கள் தெருவுக்கு விளக்கு' என்று எழுதினாள். கிளார்க் பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டிச் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். அந்த வருடம் கிணற்றில் போட்ட கல்லாகக் கழிந்தது. அடுத்த வருடம் வரி மறுபடியும் உயர்ந்தது. முதலில் உயர்த்திய வரியை வசூலிப்பதற்கே அந்தப் பணம் செலவாகிவிட்டதாக நகராட்சி ஒரு அறிக்கை விட்டது. வெட்கம் உள்ள யாரும் அதை எழுதியிருக்க முடியாது, ஆனால் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். அவள் மறுபடியும் ஏழாவது கட்டத்தில், 'எங்கள் தெருவுக்கு விளக்கு. போன வருடமே கேட்டது' என்று எழுதினாள். பேனாவை அழுத்திய அழுத்தில் மூன்று தாளும் பொத்துக்கொண்டு மேஜையில் தடம் விழுந்தது. ரசீதையும் ஸ்டிக்கரையும் வாங்கி வந்து, வெல்டர் அதைக் கண்ணாடியில் ஒட்டினார். கம்பம் முளைத்தது மறுநாள்தான்.

வெல்டர் மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிள்ளைகளை ஜன்னல் வழியாக ஏறவைத்து, கூரையும் கம்பமும் சேரும் இடத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பிறகு தானே ஏணி போட்டு, இடுப்பு வலியோடு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி, "பத்தவச்ச தடமே இல்ல. கூடவே பொறந்திருக்கு" என்றார். பள்ளிக்கூட வண்டியில் கம்பம் வைத்துக்கொண்டு போனால் போலீஸ் பிடிக்குமே என்ற பயத்தில், பழைய கூட்டாளி ஒருவரைக் கூப்பிட்டு கேஸ் கட்டரால் அடியோடு அறுத்தும் போட்டார். விடிந்து பார்த்தால் கம்பம் அங்கேயே நின்றது, அரை அடி கூடுதலாக. "விட்டுடு. கேட்டது நாமதானே" என்று சொல்லிவிட்டு அவர் ஏணியை மடக்கிவிட்டார். அன்று முதல் வேன் தெருவின் நடுவில் நிறுத்தப்பட்டது. மாலையில் பிள்ளைகள் அதன் அடியில் பாய் விரித்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். வயதானவர்கள் சாக்கடை எங்கே, வாசல் எங்கே என்று பார்த்து நடந்தார்கள். நகராட்சியிலிருந்து இன்ஜினியர் வந்தார், டேப் வைத்து அளந்தார், கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொண்டு போனார். பத்தாம் நாள் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வண்டி அனுமதித்த உயரத்தைத் தாண்டிவிட்டதால் இனி உயரமான வாகனங்களுக்கான வரியும் சேர்த்துக் கட்ட வேண்டும். வராத விளக்குக்கு இரண்டு வருடம் கட்டியவள், வந்த விளக்குக்கும் கட்டினாள்.

மூன்றாம் முறை வரி உயர்ந்தபோது அவள், 'குழாயில் தண்ணீர்' என்று எழுதினாள். வண்டியின் பின்பக்கம், நம்பர் பலகைக்குப் பக்கத்தில், ஒரு பித்தளைக் குழாய் வந்தது. காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை அதில் தண்ணீர் வந்தது. அந்த வேகத்தை ஊரில் யாரும் அதற்கு முன் கண்டதில்லை, முதல் நாள் வைத்த பிளாஸ்டிக் குடம் உருண்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றது. தெருவே வரிசையில் நின்றது. வண்டிக்கு இப்போது தண்ணீர் லாரி வகையிலும் வரி விழுந்தது. நாலாம் முறை அவள், 'பள்ளமில்லாத ரோடு' என்று எழுதினாள். ஸ்டிக்கர் ஒட்டிய அன்று வேன் தெருமுனையைத் திரும்பியபோது பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வண்டி குலுங்கவில்லை. முன்னால் இருபது அடி, பின்னால் இருபது அடி, வழவழவென்று தார் ரோடு, நடுவில் வெள்ளைக் கோடு வேறு. வேன் கடந்து போனதும் பள்ளங்கள் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிட்டன. மூன்றாவது வளைவில் தினமும் வாந்தி எடுக்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அன்று எடுக்கவில்லை. வெல்டர் அதற்கென்று கையில் வைத்திருந்த பிளாஸ்டிக் பையை என்ன செய்வது என்று தெரியாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரே வாரத்தில் ஊருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. வேனின் பின்னால் அந்த இருபது அடி ரோட்டில் எத்தனை வண்டி அடங்குமோ அத்தனையும் ஒட்டிக்கொண்டு போயின. ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் அவளுடைய நேரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டது. லாரிக்காரர் ஒருநாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வரியம்மா, கொஞ்சம் மெதுவா போங்க, எனக்கும் ரோடு வேணும்" என்றார். குரலில் கிண்டல் இல்லை. அதே பாதையில் நகராட்சித் தலைவரின் காரும் ஒருநாள் வந்தது. டிரைவர் ஆசையை அடக்க முடியாமல் பின்னால் சேர்ந்துகொண்டார். குலுங்காத காரில் தலைவருக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. கண்ணைத் திறந்து, முன்னால் கம்பமும் குழாயுமாகப் போகும் மஞ்சள் வேனைப் பார்த்தார். ஊரே அதைப் பார்த்துச் சிரிப்பதைப் பார்த்தார். ஒரு வேன் செய்கிற வேலையை நகராட்சி ஏன் செய்யவில்லை என்ற கேள்வி அவருக்கு வரவில்லை. நகராட்சியின் சாமான் ஒரு வேனுக்கு எப்படிப் போயிற்று என்ற கேள்விதான் வந்தது.

நோட்டீஸ் மூன்று வரிதான். நகராட்சிக்குச் சொந்தமான விளக்குக் கம்பம் ஒன்று, தண்ணீர் இணைப்பு ஒன்று, தார் ரோடு நாற்பது அடி ஆகியவை திருடப்பட்டு மேற்படி வாகனத்தில் வைக்கப்பட்டிருப்பதால், வரும் திங்கட்கிழமை வாகனம் பறிமுதல் செய்யப்படும். வரியம்மா அதை இரண்டு முறை படித்தாள். வண்டி போனால் சோறு போகும். வெல்டருக்கு இருந்த ஒரே வேலையும் போகும். அந்தக் கதவைத் திறந்து மூடுகிற வேலை இருந்ததால்தான் அவர் காலையில் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார், அது அவளுக்குத் தெரியும். "நாம திருடலையே" என்று அவர் கேட்டார். அவள் வண்டியைத் துடைக்கப் போனாள்.

திங்கட்கிழமை தலைவர் வந்தார், இன்ஜினியர் ஃபைலோடு வந்தார். வண்டியை இழுத்துப் போக வந்த லாரி மட்டும் தெருமுனைப் பள்ளத்தில் இறங்கி, ஏற முடியாமல் அங்கேயே உறுமிக்கொண்டிருந்தது. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் குடங்களோடு சுற்றி நின்றார்கள். இன்ஜினியர் திருட்டை நிரூபிக்கும் ஆர்வத்தில் ஃபைலைத் திறந்து உரக்கப் படித்தார். வார்டு பதினொன்று, மூன்றாம் தெரு, ஒன்பதாம் எண் வீட்டு வாசலில், கம்பம் எண் நாற்பத்தேழு இந்தத் தேதியில் நடப்பட்டது, எரியவைத்துச் சோதிக்கப்பட்டது, ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்கப்பட்டது. ஆகவே இது நகராட்சிச் சொத்து.

அவள் தேதியை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். மூன்றாம் முறையும் கேட்டாள். பிறகு கையிலிருந்த துணியைப் பிழிந்து கண்ணாடி மேல் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"ஒம்பதாம் நம்பர் எங்க வீடு. நீங்க சொல்ற தேதிக்கு அப்புறம் பதினாலு மாசம் கழிச்சுதான் இவரு விழுந்தாரு. அப்ப அன்னிக்கு இவர் தலைக்கு மேல விளக்கு எரிஞ்சிட்டிருந்ததா சார்?"

இன்ஜினியர், பதில் அதற்குள் இருக்கும் என்பதுபோல ஃபைலைப் புரட்டினார். தலைவர் குறுக்கிட்டார். "அது பழைய கதைம்மா. ஃபைல் ஒரு மாதிரி இருக்கும், நடைமுறை ஒரு மாதிரி இருக்கும். உங்களுக்குப் புரியாது."

"எனக்குப் புரியுது. நான்தான் விழுந்தவன்" என்றார் வெல்டர், முதல் சீட்டிலிருந்து.

யாரும் கத்தவில்லை. குடங்களைக் கீழே வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை வருடமும் காசில்லாமல்தான் விளக்கு வரவில்லை என்று வரியம்மா நினைத்திருந்தாள். அந்த நினைப்பில்தான் ஊர் முன்னால் எழுந்து நின்று கொடுத்துவிடலாம் என்று சொன்னாள், கேலிப்பெயரையும் வாங்கிக்கொண்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு நாலு முறையும் வரி கட்டினாள். விளக்குக்குக் காசு எப்போதோ வந்திருக்கிறது, போயும் இருக்கிறது. இவர் இருட்டில் விழுந்து கிடந்த அந்த அரை மணி நேரமும் அந்த ஃபைலில் வெளிச்சமாகத்தான் இருந்திருக்கிறது. அவளுக்கு அழுகை வரவில்லை. வயிறு எரிந்தது. நின்ற இடத்திலேயே நிஜமாகச் சூடு பரவி, அவள் சாய்ந்திருந்த வேன் கதவின் மஞ்சள் பெயின்ட் கை அகலத்துக்குப் பொரிந்து உதிர்ந்தது. அந்தத் தடம் இன்றும் இருக்கிறது.

இன்ஜினியருக்கு அப்போதுதான் உறைத்தது. வேனிலிருந்து நாற்பத்தேழைப் பறிமுதல் செய்ததாக எழுதினால், அது தெருவில் இல்லை என்று தன் கையாலேயே எழுதியதாகிவிடும். தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் பேச்சை மாற்றி, சரி, இந்த மாதக் கடைசிக்குள் அடுத்த வருட வரியைக் கட்டாவிட்டால் வரி பாக்கிக்காக வண்டியை எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார். வரி அந்த வாரமே ஐந்தாம் முறையாக உயர்ந்தது. பள்ளிக்கூட வேன், உயரமான வண்டி, தண்ணீர் லாரி, ரோடு போடும் இயந்திரம் என்று நாலு வகையாகச் சேர்ந்த தொகையை அவளால் ஆயுசுக்கும் கட்ட முடியாது. தெருவே சேர்ந்து கட்டியது. லாரிக்காரர் தன் பங்கைப் பேப்பரில் சுற்றி டிரைவர் சீட்டில் வைத்துவிட்டு, யார் வைத்தது என்று கேட்டால் தெரியாது என்றார்.

அலுவலகத்தில் புதுப் படிவம் அச்சாகி வந்திருந்தது. அதில் ஆறு கட்டம்தான். ஏழாவதை எடுக்கச் சொல்லி நகராட்சி கடிதம் எழுதியிருந்தது. ஆனால் பழைய படிவம் தீர்ந்த பிறகே புதியதைத் தொட வேண்டும் என்பது அலுவலக வழக்கம். கிளார்க் மேஜை இழுப்பறையைத் திறந்து, மடங்காமல் வைத்திருந்த மூன்று தாளைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"பழசுல இது ஒண்ணுதான் மிச்சம். நல்லா யோசிச்சு எழுதுங்கம்மா."

அவள் வரும் வழியெல்லாம் யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். சாக்கடைக்கு மூடி என்று எழுதலாம், அது வேனோடு வேனாகப் போய்வரும். ஒரு வேன் ஊரைச் சுமந்துகொண்டு எத்தனை நாள் ஓடும்? இந்த வரி எதற்கு என்று தலைவர் முதல் கூட்டத்தில் சொன்னாரோ, அந்த ஒரே வார்த்தையை எழுதினாள். நகராட்சி. கிளார்க் படித்தார், நிமிர்ந்து பார்த்தார், மூன்று தாளிலும் பதமாக முத்திரை குத்தினார்.

மறுநாள் காலை கூரையில் கம்பம் இல்லை. பின்னால் குழாய் இல்லை. வேன் கதவைத் திறந்தபோது கடைசி சீட்டில் நகராட்சித் தலைவர் வீட்டுப் பனியனோடு, கையில் பல் தேய்க்கும் பிரஷோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்ஜினியர், மடியில் ஃபைல். இருவருக்கும் முன்னால் தரையோடு போல்ட் போட்ட ஒரு சின்ன மேஜை, அதன் மேல் நகராட்சி முத்திரை. தலைவர் இறங்கினார், பத்தடி நடந்தார், பதினோராவது அடியில் மறுபடியும் கடைசி சீட்டில் இருந்தார். தன் காரை வரவழைத்து ஏறினார், கார்க் கதவைச் சாத்திய சத்தம் அவருக்கு வேனுக்குள் கேட்டது. டாக்டர் வந்து நாடி பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதால் வரியம்மா வண்டியை எடுத்தாள். முன்னால் இருபது அடி தாரும் இல்லை. எல்லாப் பள்ளங்களும் அவரவர் இடத்தில் இருந்தன. கடைசி சீட் பின் சக்கரத்துக்கு நேர் மேலே இருப்பது, ஊரிலேயே அதிகம் தூக்கிப் போடும் இடம் அது. இருபது வருடமாக வேன் ஓட்டுகிறவளுக்கு அது தெரியாமலா இருக்கும். மூன்றாவது வளைவில் தலைவரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒன்றாக வாந்தி எடுத்தார்கள். வெல்டர் பையை முதலில் பிள்ளைக்குக் கொடுத்தார்.

நகராட்சிக் கூட்டங்கள் அதற்குப் பிறகு வேனில்தான் நடந்தன, இரண்டாவது நிறுத்தத்துக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் நடுவில். தீர்மானங்கள் பிள்ளைகள் முன்னால் படிக்கப்பட்டன, புரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னால் திருத்தி எழுதப்பட்டன. பதினேழாம் நாள் மூன்றாவது வளைவில் தார் போட்டார்கள். முப்பதாம் நாள் குழாய் வந்தது. வேன் போகாத தெருக்கள் பழையபடியே கிடந்தன, அதனால் அந்தத் தெருக்காரர்கள் தங்கள் பக்கமும் வண்டியைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லிக் கெஞ்சினார்கள். அவளும் சுற்றிப் போனாள். நாற்பதாம் நாள் ஒன்பதாம் எண் வீட்டு வாசலில், மண்ணில் குழி தோண்டி, ஒரு கம்பம் நட்டார்கள். அதில் நாற்பத்தெட்டு என்று பெயின்ட் அடிக்க வந்தான் ஆள். நாற்பத்தேழு ஏற்கனவே அங்கே நிற்பதாக ஃபைலில் இருந்ததே, அதற்காக. வரியம்மா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பின்பக்கம் வந்தாள். பெயின்ட்காரனைக் காத்திருக்கச் சொன்னாள். இன்ஜினியரின் மடியிலிருந்த ஃபைலைத் திறந்து அந்தப் பக்கத்தை எடுத்து வைத்தாள்.

"அடிச்சு எழுதுங்க சார்."

"என்னன்னு எழுதறதும்மா?"

"நடந்ததை எழுதுங்க."

இன்ஜினியர் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பதினாலு பிள்ளைகளும் இன்ஜினியரின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பழைய வரியைக் குறுக்கே அடித்து, கீழே எழுதினார்: 'இந்தத் தேதியில் இந்த இடத்தில் விளக்கு இல்லை. அதனால் ஒருவர் விழுந்தார்.' எழுதி முத்திரை வைத்தார். அவள் ஃபைலை முன் சீட்டுக்குக் கொண்டுபோய் வெல்டரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடி போடாமல் தூரத்தில் பிடித்து மெதுவாகப் படித்தார். கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தார். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்து, தானே நடந்து போய் இன்ஜினியரிடம் ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். வெளியே நாற்பத்தேழு என்று பெயின்ட் அடித்தார்கள்.

அன்றோடு தலைவர் இறங்கிவிடுவார் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. இறங்க முடியவில்லை. கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் முடியும் தேதி அச்சாகாமல் விட்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தார்கள். அதைத் திருத்த அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், ஆனால் அதற்கும் படிவத்தில் காரணம் எழுதும் கட்டம் வேண்டும். அது இப்போது இல்லை என்று கிளார்க் சொல்லிவிட்டார். அடுத்த தேர்தலில் நின்றவர்களிடம் ஜனங்கள் கேட்ட ஒரே கேள்வி, வண்டியில் போனால் வாந்தி வருமா என்பதுதான். ஜெயித்தவர் மறுநாள் காலை கடைசி சீட்டில் இருந்தார், பழையவர் தன் வீட்டுக் கட்டிலில் கண் விழித்தார். வரி அந்த வருடமும் உயர்ந்தது. யாரும் நாற்காலியைத் தூக்கவில்லை. காலை ஆறே முக்காலுக்கு வேன் முதல் நிறுத்தத்தில் நிற்கிறது. பிள்ளைகள் பையும் பாட்டிலுமாக ஏறுகிறார்கள். இடம் போதாமல் போகும்போது வெல்டர் திரும்பிப் பார்த்து, "தலைவரே, கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க" என்கிறார். அவர் பாட்டிலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்காருகிறார், வெல்டர் கதவைச் சாத்துகிறார்.